ஓடி, ஓடினி

மலாவி கிராமங்களில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலுக்கு நாலடி முன்னாலேயே நின்று ‘ஓடி!’ என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே ஆள் இருந்தால் ‘ஓடினி’ என்று பதில் வரும். அதற்கப்புறம்தான் முற்றத்தில் கால் வைக்கலாம். முதல் நாள் என்னைக் கூட்டிப்போன சுகாதாரப் பணியாளர் ஒரு மண் வீட்டின் முன் நின்று ‘ஓடி, ஓடி’ என்றபோது, நாய்தான் வருகிறதென்று நினைத்து நான் ரெண்டு எட்டு பின்னால் பாய்ந்தேன். ஏன் பாய்ந்தேன் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடம், நாளைக்கு ஏழெட்டுத் தடவையாவது அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன். 2008-ல் வால்பாறைக்குத் திரும்பி, பையைத் தோளில் போட்டபடி லைன் வீட்டு வாசலில் நின்றபோது வாயில் தானாக வந்தது அதுதான். உள்ளேயிருந்து அம்மா, “யாரது? எதுக்கு ஓடோணும்?” என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

அப்பா, அம்மா இரண்டு பேரும் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள். நான் நர்சிங் படித்துவிட்டு நாமக்கல்லில் லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள் நடுவே எய்ட்ஸ் விழிப்புணர்வு வேலையில் இருந்தேன். பாடி கட்டும் பட்டறை, டீக்கடை பெஞ்ச், பெட்ரோல் பங்க் என்று எங்கே நாலு பேர் நின்றாலும் அங்கே போய்ப் பேச வேண்டும். தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டு ஓய்ந்திருந்த சமயம் அது. ஓட்டுநர்கள் எனக்குப் ‘புள்ளிராஜா டீச்சர்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பதை 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தான். இருபது வருடமாக இதோடு மல்லுக்கட்டிய மாநிலம் என்பதால், எங்களைப் போன்றவர்களை ஆப்பிரிக்காவுக்குத் தன்னார்வலர்களாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேர்காணலில் சேவை மனப்பான்மை என்று சொன்னேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.

2006 ஜூனில் போய் இறங்கினேன். மலாவியின் தெற்கில் ஒரு மாவட்டம். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் தியோலோ, ஊர்க்காரர்கள் வாயில் சோலோ. என் காதில் அது சோலை என்றே விழுந்தது. பிளான்டயரை ஒட்டிய லிம்பேயில், குஜராத்திகளின் கடைத்தெருவில் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வாங்கிக்கொண்டு மினிபஸ் ஏறினேன். வரிசைக்கு நாலு பேர், பக்கத்து அம்மாளின் மடியில் ஒரு கோழி. காய்கறிச் சந்தை ஒன்றைத் தாண்டிச் சாலை வளைந்ததும் இரண்டு பக்கமும் தேயிலை. வரிசை வரிசையாகக் கவாத்து வெட்டிய செடிகள், நடுவில் நிழல் மரங்கள், தூரத்தில் ஃபாக்டரிப் புகைபோக்கி. இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து எஸ்டேட்டிலேயே போய் நிற்கிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் வணிகப் பயிராகத் தேயிலை ஆரம்பத்திலேயே வேர் பிடித்த இடங்களில் இந்த மேட்டுநிலமும் ஒன்று என்பது பிறகு தெரிந்தது. ஒரே வித்தியாசம், அங்கே முதுகில் கூடையோடு கொழுந்து எடுத்தவர்களில் ஆண்கள் நிறைய.

அந்த வாரமே சிப்பெரோனி பிடித்துக்கொண்டது. மொசாம்பிக் பக்கத்து மலையொன்றின் பெயரால் அழைக்கப்படும் குளிர்ச்சாரல் அது. ஜூன், ஜூலையில் மூடுபனியோடு வந்து நாள்கணக்கில் நின்றுவிடும். அதே மாதங்களில் வால்பாறையிலும் மழை நூல் பிடித்தாற்போலப் பெய்துகொண்டிருக்கும். போனில் அம்மா “மழை விடவே இல்ல கண்ணு” என்பாள். “இங்கயும்தாம்மா” என்பேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஜூனில் மேற்கே மலையைப் பார்க்கும்போது எந்த மழையை நினைத்து ஏங்குகிறேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்ல முடிவதில்லை.

மாவட்ட மருத்துவமனையும் கிராம சுகாதார நிலையங்களும் ஒரு பக்கம். நான் பார்த்தது வெளிவேலை. கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் இருப்பார், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது அரசாங்கக் கணக்கு. அவருக்கு ஒரு சைக்கிள், ஒரு நோட்டு. என்னோடு வந்தவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. நான் அவரை ‘அச்சிம்வெனே’ என்பேன், சகோதரா என்று அர்த்தம். அவர் என்னை ‘அமாயி’ என்பார். அங்கே எந்தப் பெண்ணையும் மரியாதையாக அழைக்கும் சொல் அது. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவள்தான் அம்மாயி. 28 வயதில் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

முதல் கூட்டத்தை நான் கெடுத்தேன். மாமரத்தடியில் நாற்பது ஐம்பது பெண்கள், இடுப்பில் சித்தேன்ஜே துணி, முதுகில் அதே துணியில் கட்டிய குழந்தை. என்னை அனுப்பிய அமைப்பு கொடுத்திருந்த படப் புத்தகத்தைப் பிரித்தேன். அதிலிருந்த குடும்பம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதிலேயே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். நானோ நாமக்கல்லில் பழகிய குரலில், இந்த நோய் எப்படியெல்லாம் ஆளைக் கொல்லும் என்று அடுக்கினேன். நாங்கள் வளர்ந்ததே எலும்புக்கூடு போஸ்டர்களோடு அல்லவா? அச்சிம்வெனே வரி வரியாகச் சிச்செவா மொழியில் சொன்னார். முடிந்ததும் ஒரு வயதான பெண், ‘கோகோ’, அதாவது பாட்டி, எழுந்தார். கோபமெல்லாம் இல்லை. செத்தவர்களை நாங்களே புதைத்தோம், எப்படிச் செத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், உயிரோடு இருப்பவளுக்கு என்ன செய்வது என்று தெரிந்தால் அதைச் சொல்லு என்றார். சொல்லிவிட்டு, நான் சங்கடப்படக் கூடாதென்று கைதட்டி ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார். எல்லோரும் ஆடினார்கள். நானும் ஆடினேன். அந்தப் படப் புத்தகத்தை அப்புறம் எடுக்கவே இல்லை.

அந்த நாட்டில் அப்போது வளர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, தெற்கில் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் போய் ‘இது ஆளைக் கொல்லும்’ என்று பயமுறுத்த வேண்டுமா?

பேசக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். வைரஸ் என்பதற்கு அவர்கள் சொல்வது ‘கச்சிலோம்போ’. காட்டு மிருகம் சிலோம்போ, முன்னால் ‘க’ சேர்ந்தால் குட்டி மிருகம். உடம்பின் எதிர்ப்பு சக்திக்குப் பெயர் சிப்பாய்கள். குட்டி மிருகம் ஒன்று ஊருக்குள் புகுந்து சிப்பாய்களை ஒவ்வொருவராகத் தின்கிறது, மாத்திரை அதைக் கூண்டில் அடைக்கிறது, கொல்வதில்லை, ஒருநாள் கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே வந்துவிடும். சி.டி.4 எண்ணிக்கையையும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டிய காரணத்தையும் இதைவிடச் சுலபமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆணுறைக்கு அங்கே புழங்கிய பெயர் சிஷாங்கோ, கேடயம் என்று பொருள். கடையில் வெட்கப்படாமல் கேட்கலாம். நம்மூரில் நிரோத் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தமிழில் ஒரு கேடயம் கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டியின் வீட்டுக்குத்தான் அதிகம் போனேன். மகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் முதலில் பார்த்தபோது எடை 38 கிலோ, பாயிலிருந்து எழ முடியாது. மருமகனைப் புதைத்தாகிவிட்டது. ஆறு வயதுப் பேரன் ஒருவன், அவனுக்குக் கிருமி இல்லை. 2004-லிருந்து மலாவி அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் தயாரானது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற சிகிச்சையை 2001-ல் நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று மும்பையிலிருந்து சிப்ளாவின் யூசுப் ஹமீது சொன்ன பிறகுதான் ஏழை நாடுகளுக்கு இந்தக் கணக்கே சாத்தியமானது. ‘உன் ஊர் மாத்திரை’ என்றுதான் பாட்டி சொல்வார். மகளுக்கு உடம்பு தேறித் திட்டும் தெம்பு வந்ததும், உன் ஊர் மாத்திரை என் காலை எரிக்கிறது என்று அவள் சண்டைக்கு வந்தாள். அவள் சொன்னது நிஜம். அதிலிருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து நரம்பைப் பாதிக்கும், கன்னத்தைக் குழிவிழச் செய்யும். 2009-ல் உலக சுகாதார நிறுவனமே அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அன்றைக்கு வேறு வழி இல்லை. ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் வைத்துக் காலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆலோசனை என்று நோட்டில் எழுதியதில் பாதி இதுதான்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. மாத்திரைக் கணக்குக்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு பால்பவுடர் டப்பா. ஒன்றில் மாத ஆரம்பத்தில் 60 துவரை விதை. நந்தோலோ என்பார்கள், அந்த மலைப்பக்கமெல்லாம் மக்காச்சோளத்துக்கு நடுவே துவரைதான். வேளைக்கு ஒரு விதையை எடுத்து அடுத்த டப்பாவில் போட வேண்டும். நான் போனதும் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். விதையும் மாத்திரையும் சரியாக இருக்கும். மாத்திரை எண்ணுவதற்கு நர்சிங் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் இவ்வளவு சுத்தம் கிடையாது.

2007 பிப்ரவரியில் ஒருநாள் டப்பாவைக் குலுக்கவில்லை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பசி மாதங்கள். போன வருட மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதுக்கதிர் முற்றியிருக்காது. மருந்து உடம்புக்குள் போனதும் பசியைக் கிளப்பிவிடும். மாத்திரை கொடுத்தாய், மாவு எங்கே என்று கேட்காத வீடில்லை. எங்கள் திட்டத்தில் மாவுக்குப் பணம் ஒதுக்கவில்லை. கொடியில் துணி காயப்போடும் இடத்தைப் பார்த்தபடி பாட்டி மெதுவாகச் சொன்னார்: பேரன் பசி தாங்காமல் இரண்டு டப்பா விதையையும் கொட்டி வறுத்துத் தின்றுவிட்டான். அடித்தீர்களா என்று கேட்டேன். எதற்கு அடிப்பது, நானும் அவன் கையிலிருந்து நாலு வாங்கித் தின்றேன் என்றார். அதற்கப்புறம் அவர் எண்ணியது கூழாங்கல்லில்.

சாப்பாடு இருந்த நாளில் அந்த வீட்டில் கை நனைக்காமல் வந்ததில்லை. பையன் மண்டியிட்டுச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவான், வரிசையாகக் கை கழுவுவோம். இன்சிமா என்பது நம் களிதான், ராகிக்குப் பதிலாக வெள்ளை மக்காச்சோளம். சுடச்சுடக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, நடுவில் கட்டைவிரலால் பள்ளம் பண்ணித் தொட்டுக்கொள்ள வேண்டும். நிலக்கடலைப் பொடி போட்ட பூசணி இலைக் கீரை, கிடைத்தால் உசிப்பா என்ற ஏரிமீன் கருவாடு, நெத்திலிக்குத் தம்பி. என்னோடு வேலை செய்த ஐரோப்பியத் தோழி கையால் சாப்பிடப் பழக மூன்று மாதம் ஆயிற்று. எனக்கு முதல் கவளத்திலேயே வந்துவிட்டது என்பதில் பாட்டிக்கு அலாதிப் பெருமை. பிள்ளைகள் தெருவில் ‘ம்வெனியே’ என்று என் பின்னால் ஓடி வருவார்கள், இந்தியர்களுக்கு அங்கே அந்தப் பெயர்தான். பாட்டி அவர்களை அதட்டி, இவள் நம்மைப்போல் சாப்பிடுகிறவள் என்பார்.

நாங்கள் போட்ட திட்டத்தில் பாதி சாவு வீடுகளால் கலைந்தது. ஒரு வீட்டில் சாவென்றால் ஊருக்கே விடுமுறை. பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் மாவும் விறகும் எடுத்துக்கொண்டு போய் இரவெல்லாம் பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரே வாரத்தில் மூன்று கூட்டங்கள் ரத்தானதும் உண்டு. அறிக்கையில் காரணம் எழுதும் கட்டத்தில் நான் ‘மாலிரோ’ என்று அவர்கள் சொல்லையே எழுதிவைத்தேன். தலைநகரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் அது எந்த மாதிரியான நிகழ்ச்சி என்று கேட்டார்.

அங்கே ஒதுக்கல் இல்லை என்று சொன்னால் பொய். பக்கத்து மருத்துவமனையை விட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் மருந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கணவனுக்குத் தெரியாமல் மாவுப் பானைக்குள் டப்பாவைப் புதைத்து வைத்த பெண்ணையும் தெரியும். ஆனாலும் ஒரு காற்று திரும்பியிருந்தது. 2004-ல் அதிபர் பக்கிலி முலூசி, என் சகோதரன் எய்ட்ஸில்தான் செத்தான் என்று நாட்டுக்கே சொன்னார். அந்தப் பேச்சைக் கிராமத்தில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். 2006-ல் முதல் சோதனை வாரம் நடத்தியபோது சாரலில் நனைந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். 2007 கடைசியில் அதே மாமரத்தடியில், பாட்டியின் மகள் எழுந்து தன் பெயரைச் சொன்னாள். நான் மாத்திரை சாப்பிடுகிறேன், போன வருடம் என்னை இந்தப் பாயில் தூக்கிப் போனீர்கள், இப்போது கொழுந்து எடுக்கப் போகிறேன் என்றாள். 51 கிலோ. யாரும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டார்கள். நம்மூர்க் குலவைதான், கொஞ்சம் நீளம்.

திரும்பி வந்து ஒரு நம்பிக்கை மையத்தில் சேர்ந்தேன். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் அப்படிப் பெயர். நல்ல பெயர். மின்விசிறி உண்டு, கதவு உண்டு, ரகசியம் காக்கும் விதி உண்டு. மருந்து வந்துவிட்டது, இப்போது நாளைக்கு ஒரே மாத்திரை, கால் எரிச்சல் இல்லை. முதல் மாதம் ஒரு பெண்ணிடம், ஒருநாள் உங்கள் வீட்டுப் பக்கம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போயிற்று. “மேடம், கையெடுத்துக் கும்பிடறேன், வீட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க. தெருவுல பார்த்தாக்கூடத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க.” அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. நான் போய் நின்றால் அந்த வீட்டுக்கு அடையாளம் வைத்தது போல. அன்றிலிருந்து பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், துணிக்கடையில் எத்தனையோ முகங்களைத் தெரியாத முகமாகக் கடந்திருக்கிறேன். ரொம்பப் பழகிவிட்டது.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைப் புரட்டிப்போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கு மேல். அச்சிம்வெனேயின் பழைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நாலு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. சேதத்தைச் சொல்லும் முன்னால், ‘எப்படி விழித்தீர்கள், அமாயி?’ என்று முறைப்படி கேட்டுவிட்டு, பதிலுக்கு இடமும் விட்டிருந்தார். நான் சமையலறையில் நின்று, நன்றாக விழித்தேன், நீங்கள் எப்படி என்று சத்தமாகச் சொன்னேன். பாட்டி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டின் ஒரு சுவர் விழுந்துவிட்டது. மகள் இருக்கிறாள், மாத்திரையை விடவில்லை, பேரனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. இவ்வளவுதான் செய்தி. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

மலாவியிலிருந்து ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்க இந்தியா 2021-ல் ஒப்பந்தம் போட்டது. மளிகைக் கடையில் பருப்பு வாங்கும்போது அண்ணாச்சியிடம் இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்பேன். “எல்லாம் மூட்டையில வர்றதுதாம்மா, ஊரு யாருக்குத் தெரியும்” என்பார். வீட்டுக்கு வந்து அளந்து போடும்போது சில நாள் 60 எண்ணத் தோன்றும். பருப்பு உடைத்தது, எண்ண வராது.

போன மாதம் ஒரு பெண் இரண்டு தவணை மருந்து வாங்க வரவில்லை. போன் அணைத்திருந்தது. விதிப்படி களப் பணியாளரை அனுப்பலாம், அவர் லீவில் இருந்தார். சாயங்காலம் நானே போனேன். முகவரி தெரியும். குறுகலான தெரு, எதிரில் டீக்கடை. அங்கே நின்று ஒரு டீ சொன்னேன். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, உள்ளே டி.வி. சத்தம், வாசலில் ஒரு சின்னப் பையனின் செருப்பு. பத்தடி இருக்கும். நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “யார் வீட்டுக்குங்க?” என்றார்.

“சும்மாங்க, பஸ்ஸுக்கு” என்றேன்.

கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பெண் குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடிதான். குப்பையைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். வழக்கமாகச் சாத்தும் கதவோ என்னவோ, திறந்தேதான் இருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மையத்தின் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். டீக்கடையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.